படகு வாங்குவதற்கு முன்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதமும் அதோடு வந்த பட்டியலும் கிடைத்தன. ஊதுபடகு, லைஃப் ஜாக்கெட், வாக்கி டாக்கி, நெற்றியில் மாட்டும் டார்ச், ஜெனரேட்டர், முதுகில் குழுவின் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட். வேளச்சேரியில் உங்கள் நான்கு தெருக்களுக்குமாக ஒரு பேரிடர் உதவிக் குழு தொடங்குகிறீர்கள். கையில் கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கிறது. எதை முதலில் வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். ஆனி மாதத்தில் இதைக் கேட்கத் தோன்றியதே பெரிய விஷயம். எங்கள் தாம்பரம் பக்கம் இந்தக் கேள்வி வழக்கமாகக் கார்த்திகையில், தண்ணீர் வாசற்படி ஏறிய பிறகுதான் வரும். உனக்கு அவகாசம் இருப்பதால் சொல்கிறேன்: பணத்தை அப்படியே வைத்திரு. இப்போதைக்கு ஒரு நீள நோட்டும் இரண்டு பேனாவும் போதும்.

நோட்டு எதற்கு என்று சொல்ல ஜப்பான் வரை போய்வர வேண்டும்.

1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46 மணிக்குக் கோபே நகரையும் அதற்கு எதிரே கடலில் இருக்கும் அவாஜி தீவையும் நிலநடுக்கம் உலுக்கியது. 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் தீவின் வடக்கே ஹொகுடான் என்று ஒரு சிற்றூர். நிலம் பிளந்த கோடு அந்த ஊர் வழியாகவே ஓடியது. பழைய ஓட்டு வீடுகள் கூரையோடு உட்கார்ந்துவிட்டன. ஏறத்தாழ 300 பேர் இடிபாட்டுக்குள் கிடந்தார்கள். அவர்களை வெளியே எடுத்தவர்கள் அக்கம்பக்கத்தாரும், உள்ளூர்க்காரர்களே உறுப்பினராக இருந்த தொண்டர் தீயணைப்புப் படையும்தான். அன்று பொழுது சாய்வதற்குள் அந்த ஊரில் காணாமல் போனவர் என்று ஒருவரும் இல்லை; உயிரோடு இருப்பவர், இறந்தவர் எல்லோருக்கும் கணக்குத் தெரிந்துவிட்டது. எந்த வீட்டுப் பாட்டி எந்த அறையில் படுப்பாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் வீடு முழுவதையும் கிளறிக்கொண்டிருக்காமல் நேரே அந்த இடத்தில் கூரையைப் பிரித்தார்கள்.

சிற்றூரில் நடக்கும், பெருநகரத்தில் நடக்குமா என்று கேட்பாய். அந்த நிலநடுக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டு பின்னாளில் ஒரு மதிப்பீடு செய்தார்கள். இடிபாட்டில் சிக்கி யாராவது வந்து எடுக்க வேண்டியிருந்தவர்கள் சுமார் 35,000 பேர். அவர்களில் 27,000 பேர் வரை அண்டை அயலார் கையால்தான் வெளியே வந்தார்கள். தீயணைப்புத் துறையும் போலீசும் ராணுவமும் மீதிப் பேரை எடுத்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ஒரே நிமிடத்தில் ஊர் முழுக்க ஆபத்து வந்தால் எல்லாத் தெருவுக்கும் அனுப்ப வண்டி எந்த அரசிடமும் இருக்காது. இருக்கிற வண்டிக்கும் வழி இருக்காது.

நமக்கு நிலநடுக்கத்தை விடத் தண்ணீர்தான் பழக்கம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. விமான நிலையத்தை 6-ஆம் தேதி வரை மூடி வைத்தார்கள். 1878-இல் தொடங்கிய ‘தி ஹிந்து’ பத்திரிகை டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை, ஆட்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாததால். மின்சாரம் போயிற்று; கொஞ்ச நேரத்தில் செல்போன் டவர்களும் உயிரை விட்டன. 2023 மிக்ஜாம் புயலின்போது உன் வேளச்சேரியிலேயே எத்தனை தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன என்பது உனக்கே தெரியும். ஆக, முதல் இரவு தெருவுக்குத் தெருவே துணை. அந்த ஒரு இரவுக்குத்தான் உன் குழு. மறுநாள் படகோடு வர எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

நோட்டுக்கு வருகிறேன். வீட்டு எண், மாடி, பெயர், போன் நம்பர் என்று எல்லாக் குடியிருப்போர் நலச் சங்கத்திலும் ஒரு பட்டியல் இருக்கும். சந்தா வசூலுக்கு அது போதும், வெள்ளத்துக்குப் போதாது. உன் நோட்டில் இருக்க வேண்டியவை வேறு. இரவில் யார் எந்த அறையில் படுக்கிறார்கள். யாரால் மாடிப்படி ஏற முடியாது. யாருக்கு வாரம் எத்தனை முறை டயாலிசிஸ், எந்தக் கிழமைகளில். யார் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். யார் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது. யாருக்குப் பேறுகால மாதம் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ விழுகிறது. மெயின் சுவிட்ச் எங்கே. மாற்றுச் சாவி யாரிடம்.

கடைசியாக ஒரு பத்தி விடு. எந்த அரசுப் படிவத்திலும் அது இல்லை. “யார் சொன்னால் கேட்பார்?”

ஏன் என்று சொல்கிறேன். தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்த பிறகும் வீட்டை விட்டு வர மாட்டேன் என்று கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். அவருக்கு ஆயிரம் காரணம். பீரோவில் நகை இருக்கும், நாய் இருக்கும், பூஜை அறையை விட்டு வர மனம் வராது, சொந்த வீட்டுக்காரன் போய்ப் பள்ளிக்கூட முகாமில் படுப்பதா என்ற மானப் பிரச்சினை இருக்கும். நீ எவ்வளவு கத்தினாலும் அசைய மாட்டார். ஆனால் தினமும் கூட நடக்கப் போகும் நண்பர் வந்து, “ஏம்ப்பா, கிளம்பு” என்றால் எழுந்துவிடுவார். சிலருக்கு அமெரிக்காவிலிருக்கும் மகளின் குரல். சிலருக்குக் கோயில் குருக்கள், சிலருக்கு ஜமாஅத்துப் பெரியவர், சிலருக்குத் தெருமுனை டீக்கடைக்காரர். யார் என்று முன்பே தெரிந்துவைத்திருந்தால், மழை வலுக்கும் முன் அந்தக் குரலை அங்கே கொண்டுபோய் நிறுத்தலாம். தெரியாவிட்டால் இருட்டில் அரை மணி நேரம் கெஞ்சிக்கொண்டு நிற்பாய். அந்த அரை மணி நேரத்தில் இன்னொரு வீட்டில் தண்ணீர் கட்டிலைத் தொட்டிருக்கும்.

இதையெல்லாம் படிவம் அடித்துக் கொடுத்து நிரப்பச் சொல்லாதே. கணக்கெடுப்பு என்றதும் ஜனங்கள் வாயை மூடிக்கொள்வார்கள். கொசுத் தொல்லை, தெரு விளக்கு, குடிநீர் வராத புகார் என்று ஏதாவது ஒன்றைச் சாக்கிட்டுப் போ, உட்கார், காபி கொடுத்தால் குடி. இன்னொரு வழியும் உண்டு. தண்ணீர் கேன் போடும் பையனைக் கேள். எந்த மூன்றாவது மாடியில் எந்த அம்மா தனியாக இருக்கிறாள், கேனை அவளால் தூக்கிவைக்க முடியாது என்பதால் அவனே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். இஸ்திரி போடுபவர், பால் பாக்கெட் போடுபவர், வீட்டு வேலைக்கு வரும் அக்காமார் எல்லோரும் சங்கச் செயலாளரை விட உன் தெருவை நன்றாக அறிந்தவர்கள். இவர்களைக் குழுவுக்குத் தகவல் தருபவர்களாக மட்டும் வைக்காதே, குழுவிலேயே சேர்.

ஒரு எச்சரிக்கை. தனியாக இருப்பவர் யார், சாவி எங்கே இருக்கிறது என்று எழுதிய நோட்டு, திருடன் கையில் கிடைத்தால் அவனுக்குத் தங்கச் சுரங்கம். அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதே. காகிதத்தில், இரண்டே பிரதி, தெரு நம்பும் இரண்டு பேர் வீட்டில், பிளாஸ்டிக் உறையில், மாடியில். போன் அணைந்துபோகும், காகிதம் அணையாது. மாதத்துக்கு ஒருமுறை திருத்து. வாடகைக்கு இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். சித்திரையில் எழுதிய நோட்டு ஐப்பசியில் பாதி பொய்.

நோட்டில் விட்டுப்போகிறவர்களைத் தேடு. அடுக்குமாடியின் தரைத்தளத்தில், கார் நிறுத்துமிடத்து ஓரத்தில் பத்துக்கு எட்டு அறையில் குடும்பத்தோடு இருக்கும் வாட்ச்மேன். கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார்ப் பையன்கள். தண்ணீர் முதலில் வருவது இவர்களிடம்தான். தகவல் கடைசியாகப் போவதும் இவர்களிடம்தான். குழுவில் இந்தி பேசத் தெரிந்த ஒருவராவது இருக்கட்டும்; அரசியல் பிறகு பேசிக்கொள்ளலாம்.

வாக்கி டாக்கி வேண்டுமா என்று தனியாகக் கேட்டிருந்தாய். புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்று ஒரு மீனவக் கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய தகவல் மையம் ஒன்று அங்கே இருந்தது. கடலின் அலை உயரம், காற்று, மீன் விலை ஆகியவற்றை ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்வது அதன் அன்றாட வேலை. 2004 டிசம்பர் 26 காலை, அந்தத் திட்டத்தில் முன்பு தொண்டராக வேலை பார்த்து, அப்போது சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். விஷயம் தகவல் மையத்துக்குப் போனது, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஊரே மேட்டுப் பக்கம் ஓடியது. சுமார் 3,600 பேர். அதே காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இந்தக் கதையை எல்லோரும் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒலிபெருக்கி எல்லா ஊரிலும்தான் இருக்கிறது, ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது கேட்டிருப்பாய். நல்லவாட்டில் அது தினமும் பேசியது. பேசியதில் பெரும்பாலும் உண்மை இருந்தது. அதனால் அன்று அது சொன்னதும் யாரும் “யார் சொன்னது, நிஜமா?” என்று நின்று விசாரிக்கவில்லை. சாமான் எதுவாக இருந்தாலும் தினசரி உபயோகத்தில் இருக்க வேண்டும். வாக்கி டாக்கியைப் பெட்டியில் பூட்டி வைத்து டிசம்பரில் எடுத்தால் பேட்டரி பொங்கியிருக்கும், யாருக்கு எந்தச் சேனல் என்று சண்டை நடக்கும். வாங்குவதாக இருந்தால் பிள்ளையார் சதுர்த்தி ஊர்வலத்துக்கும் சர்ச் திருவிழாவுக்கும் அதையே உபயோகி. இல்லாவிட்டால் நல்ல விசில் வாங்கு. மூன்று ஊதல் என்றால் உதவி வேண்டும் என்று தெருக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடு. குழந்தைகள் இதில் பெரியவர்களை விடக் கெட்டி. ஒரு வாரம் காது கிழியும், பொறுத்துக்கொள்.

அடுத்தது, உன் தண்ணீரைத் தெரிந்துகொள். இதில் படித்தவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 2015-இல் சென்னை முழுவதும் செம்பரம்பாக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. டிசம்பர் 1 இரவு அந்த ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அது சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் என்ன செய்தது என்று தெரியும். ஆனால் எங்கள் தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கும் செம்பரம்பாக்கத்துக்கும் சம்பந்தமில்லை. செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. எங்கள் பக்கம் வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். டி.வி.யில் செம்பரம்பாக்கம் நீர்மட்டம் பார்த்துக்கொண்டு, “இன்னும் திறக்கவில்லை, பயமில்லை” என்று உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பின்பக்கத்திலிருந்து வந்தது வெள்ளம்.

உன் ஊரில் கதை வேறு. அங்கே தண்ணீர் பாய்ந்து வருவதை விடப் போக வழியில்லாமல் நிற்பதுதான் தொல்லை. வீராங்கால் ஓடை வழியாகப் பள்ளிக்கரணை சதுப்புக்குப் போய், அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு என்று சுற்றித்தான் உங்கள் மழை கடலைப் பார்க்கிறது. அந்தச் சதுப்பு ஒரு காலத்தில் இருந்ததில் இன்று மிச்சம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மீதியில் வீடுகளும் சாலைகளும் குப்பைமேடும். கடலில் ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் கால்வாய் தண்ணீரை வாங்காது. ஆகவே மழை நின்ற பிறகும் உங்கள் தெருவில் தண்ணீர் ஏறலாம். மழை விட்டதே என்று முகாமிலிருந்து ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுவோடு இந்த வழி முழுவதையும் பார்த்துவிட்டு வா, எங்கே குறுகுகிறது, எங்கே பிளாஸ்டிக் அடைக்கிறது என்று. தெருவுக்குத் திரும்பியதும், நெடுநாள் குடியிருப்பவர் ஒருவரைக் கூட்டிப்போய் 2015-இல், 2023-இல் எந்தச் சுவரில் எந்த உயரம் என்று கேட்டுப் பெயிண்டால் கோடு போட்டுவை. கீழே ஆண்டு எழுது. புதிதாகக் குடிவரும் எவருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. வீட்டு உரிமையாளர்கள் திட்டுவார்கள், வாடகை குறைந்துவிடும் என்று. திட்டட்டும்.

இனி, செய்யக்கூடாதவை. இதைக் கண்டிப்போடு எழுதுகிறேன், உன் குழுவில் எல்லோரும் இளரத்தம்.

1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரில் நிலநடுக்கம். அன்று தாமாக ஓடி வந்த சாதாரண ஜனங்கள், இடிபாட்டில் சிக்கிய சுமார் 800 பேரை உயிரோடு மீட்டார்கள். மீட்கப் போனவர்களில் 100 பேருக்கு மேல் செத்தும் போனார்கள். பயிற்சி கிடையாது, சரிந்து நிற்கும் கட்டடத்துக்குள் எங்கே நுழையலாம், எங்கே கூடாது என்று சொல்ல ஆள் இல்லை. அதைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தீயணைப்புத் துறை, ஜனங்கள் எப்படியும் ஓடத்தான் போகிறார்கள், முன்பே கற்றுக்கொடுத்துவிடுவோம் என்று அக்கம்பக்கக் குழுக்களுக்குப் பயிற்சி தொடங்கியது. முதல் பாடம்: நீ மாட்டிக்கொண்டால் மீட்க வேண்டியவர் எண்ணிக்கையில் ஒன்று கூடுகிறது, மீட்பவர் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது.

ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். இரண்டடி ஓடினால் காரையே கொண்டுபோகும். கலங்கிய தண்ணீருக்கு அடியில் மூடியில்லாத மேன்ஹோல் இருக்கும். எனவே தனியாகப் போகக் கூடாது. கையில் கம்பு, முன்னால் தட்டிப் பார்த்து அடி வைக்க வேண்டும். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஓடும் நீரில் இறங்கக் கூடாது, கயிறே இழுத்து அமுக்கிவிடும். தெருவோரத்து மின்சாரப் பில்லர் பாக்ஸில் தண்ணீர் தொட்டிருந்தால், மின்சாரம் நின்றுவிட்டது என்று லைன்மேன் வாயால் கேட்கும் வரை அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. “கரண்ட் இல்லையே, லைட் எரியவில்லையே” என்பது பதிலாகாது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ தப்பான வழியில் கம்பியை உயிர்ப்பித்திருக்கலாம். உங்கள் பகுதி லைன்மேனின் பெயர், வீடு, எண் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். தீபாவளிக்கு அவருக்கு இனிப்பு கொடு. லஞ்சமாக நினைக்காதே, அவரும் உன் தெருவின் ஆள்தான்.

2023 டிசம்பர் 4 காலை உன் வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டுமானப் பள்ளம் சரிந்து இரண்டு பேர் உள்ளே போனதை மறந்திருக்க மாட்டாய். பெரிய பெரிய இயந்திரங்களோடும் பேரிடர் மீட்புப் படையோடும் போராடி, உடல்களை எடுக்க நாலு நாள் ஆயிற்று. அப்படிப்பட்ட இடத்தில் உன் குழுவுக்கு ஒரே வேலை: வேறு யாரும் கிட்டே போகாமல் தடுப்பது. இன்னொன்று முன்பே செய்யலாம். உன் தெருக்களைச் சுற்றித் தோண்டிப்போட்ட பள்ளங்கள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று புரட்டாசியிலேயே எழுதி மாநகராட்சிக்குக் கொடு, அதன் 1913 என்ற புகார் எண்ணுக்குப் போன் செய்து பதிவு எண் வாங்கிக்கொள்.

படகைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊதுபடகு நம் தெருக்களில் இரும்புக் கேட்டின் ஈட்டி முனையிலும் உடைந்த கண்ணாடியிலும் கிழியும். ஓட்டத் தெரியாதவன் கையில் அது மீட்புக்கு வந்தவர்களுக்கு இன்னொரு சுமை. 2018 கேரள வெள்ளத்தில் ஏறத்தாழ 65,000 பேரைக் காப்பாற்றினார்கள் மீனவர்கள் என்றால், படகு அவர்களிடம் இருந்ததால் மட்டுமில்லை. தண்ணீரின் இழுப்பைக் கையால் அறிந்தவர்கள் அவர்கள். நீ செய்யக்கூடியது, பட்டினப்பாக்கத்திலோ கொட்டிவாக்கத்திலோ இருக்கும் மீனவப் பஞ்சாயத்தை மழைக்கு முன்பே போய்ப் பார்த்து, தேவைப்பட்டால் வருவீர்களா, படகை ஏற்றிவர லாரி யார் தருவது, டீசலுக்கும் ஒரு நாள் வருமானத்துக்கும் எவ்வளவு என்று பேசி வைப்பது. அவர்கள் இலவசமாகத்தான் வருவார்கள். அதனாலேயே நீ பணத்தை முன்வந்து கொடுக்க வேண்டும். உன் கையிலிருக்கும் தொகைக்கு இதை விட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

வதந்தி. 2015-இல் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வந்துவிட்டன என்று ஒரு செய்தி ஊரைச் சுற்றியது. பண்ணைக்காரர்கள் மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. முதலையாவது சிரிப்பு. மீட்கப்பட்டுவிட்ட கர்ப்பிணிக்காக இரண்டு நாள் கழித்தும் படகு கேட்டுச் சுற்றிய செய்திகள் சிரிப்பில்லை. அந்தப் படகு வேறொருத்திக்குப் போயிருக்க வேண்டியது. உன் குரூப்பில் வரும் எந்த உதவிக் கோரிக்கையிலும் தேதி, மணி, நேரில் பேசியவர் பெயர் இருக்க வேண்டும். முடிந்ததும் ‘முடிந்தது’ என்று அதே இடத்தில் எழுத வேண்டும். ‘பார்வர்ட்’ செய்தவரைக் கடிந்துகொள்ளாதே, பயத்தில் செய்கிறார். ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு அத்தையைப் பிடித்து, இந்த ஒரு வேலைக்கு மட்டும் நியமித்துவிடு. போனில் கறாராகப் பேசுபவராகப் பார்த்து எடு.

நிவாரணப் பொருளைப் பற்றிச் சுருக்கமாக. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் மலை மலையாகப் பழைய துணி கிடந்தது. கிழிந்த பேண்ட், கறை படிந்த ரவிக்கை. கொடுத்தவர்களுக்குப் புண்ணியம், வாங்கியவர்களுக்கு அவமானம், ஊராட்சிக்குக் குப்பை. பழைய துணி வேண்டாம் என்று முதல் நாளே பலகை எழுதி மாட்டு. பாய், போர்வை, புது உள்ளாடை, நாப்கின், குழந்தைகளுக்குப் பால் பவுடர், பிளீச்சிங் பவுடர், விளக்குமாறு, எலக்ட்ரால் இவை போதும். இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கு ஃபிரிட்ஜ் இல்லாத நாளில் ஈர மண்பானை உதவும் என்று சொல்லிவை. கழிவறைக்கு என்ன வழி என்று முதலிலேயே யோசி. மாடியில் அடைபட்ட பெண்கள் கழிவறைக்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் கிடப்பார்கள், யாரிடமும் சொல்ல மாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு எப்போதும் ஆள் வருவார்கள், அதில் நம் ஜனங்களுக்கு ஈடு கிடையாது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்து தென்மாவட்டங்கள் மிதந்தபோது, திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. அரசு உதவி போய்ச் சேரும் வரை, தாங்களே வெள்ளத்தில் இருந்த புதுக்குடி ஊர்க்காரர்கள் கைவசம் இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். உன் குழு பார்க்க வேண்டியது சமையலை அல்ல, பொட்டலம் எங்கே போகவில்லை என்பதை. வண்டி நிற்க வசதியான அகலத் தெருவில் நாலு பொட்டலம் கிடைத்து ஊசிப்போகும். பின்னால் கால்வாயோரம் ஒன்றும் வராது. சுனாமி முகாம்களில் தலித் மக்களையும் இருளர்களையும் ஒதுக்கி வைத்தது அப்போதே பதிவாகியிருக்கிறது. நகரத்தில் அப்படியெல்லாம் இல்லை என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். வெள்ளம் வடிந்த பிறகு சாக்கடையும் சேறும் கலந்த குப்பையை அள்ள வெளி மாவட்டங்களிலிருந்து யாரைப் பஸ் ஏற்றிக் கொண்டுவந்தார்கள், கையுறையும் பூட்ஸும் இருந்ததா, இரவில் எங்கே படுத்தார்கள் என்று அவர்களைக் கேள். அந்தத் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் சோறும் தடுப்பூசியும் குளிக்கச் சுத்தத் தண்ணீரும் கொடுப்பது உன் குழுவின் வேலையில் சேரும்.

குழுவில் பெண்கள் மூன்று பேர்தான் என்று எழுதியிருந்தாய். அது போதாது, ஏன் என்று கேள். வங்கதேசத்தில் 1970 புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்த பிறகு, 1972-இல் கடலோரக் கிராமங்களில் தொண்டர் படை ஒன்றைக் கட்டினார்கள். கையொலிபெருக்கி, கொடி, சைக்கிள். அபாயம் கூடக் கூட ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி. அப்படியும் 1991 புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். பெரும்பான்மை பெண்களும் குழந்தைகளும். எச்சரிக்கை வாசல் வரை வந்தது, அடுப்படிக்குள் போகவில்லை. வீட்டு ஆண் சொல்லாமல் கிளம்பக் கூடாது என்று பலர் காத்திருந்தார்கள். அந்நிய ஆண்களோடு புயல் காப்பகத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கத் தயங்கினார்கள். இன்று அந்தப் படையில் 76,000 தொண்டர்களுக்கு மேல். பாதிப் பேர் பெண்கள். புயல் இப்போதும் வருகிறது, அன்றைய எண்ணிக்கையில் சாவு இல்லை. அங்கே தொண்டர் படை அரசோடு சேர்ந்தே நிற்கிறது என்பதையும் கவனி.

ஏனென்றால் உன் குழுவைப் பாராட்டியே சிலர் தங்கள் வேலையை உன் தலையில் கட்டப் பார்ப்பார்கள். மேடையில் பொன்னாடை கிடைக்கும், வடிகால் தூர்வாரப்படாது. 2015 வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே சொன்னது. தெரு காப்பாற்றிக்கொள்ள வேண்டியது முதல் இரவை. மீதி 364 நாளைக்குக் கேள்வி கேட்க வேண்டும். பகுதி சபைக் கூட்டத்துக்குக் குழுவாகப் போய் உட்காருங்கள். வடிகால் வேலை எந்தத் தேதியில் முடியும், எந்தப் பள்ளிக்கூடம் முகாம், அதன் சாவி யாரிடம், அங்கே கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேளுங்கள். கவுன்சிலர் எந்தக் கட்சி என்பது உனக்கு வேண்டாம். அரசின் ஆப்தா மித்ரா திட்டத்தில் பேரிடர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். மாவட்ட நிர்வாகத்தில் விசாரித்து இரண்டு பேரையாவது அனுப்பு. பயிற்சி முடித்தவர்கள் வந்து தங்களைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்வார்கள், ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

பெயர், கொடி, டி-ஷர்ட், யார் தலைவர் என்பதில் சண்டை வரும். வரட்டும். தலைவர் என்று ஒருவரை வைக்காமல், தெருவுக்கு ஒரு பொறுப்பாளர், அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்று மட்டும் எழுதி வை. மழையில் நிறையப் பேர் சொந்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதில் தவறே இல்லை. தன் அம்மாவை மாடி ஏற்றாதவன் அடுத்தவர் அம்மாவைத் தேடிப் போகக் கூடாது. முப்பது பேர் குழுவில் அன்று பத்துப் பேர் வந்தால் நல்ல வருகை என்று கணக்குப் போட்டுக்கொண்டே திட்டமிடு.

ஆவணி முடிவதற்குள் நோட்டில் ஒரு தெருவாவது முழுதாக நிறையட்டும், உன் தெருவிலிருந்தே தொடங்கு. பிறகு ஒரு சனிக்கிழமை மாலை விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒத்திகை பாருங்கள்: படுக்கையில் இருக்கும் ஒருவரை நாற்காலியோடு எத்தனை பேர் எத்தனை நிமிடத்தில் இரண்டாவது மாடிக்கு ஏற்ற முடிகிறது என்று. உங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டுத் திருப்பத்தில் நாற்காலி திரும்பாது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அளந்து பார்த்து எழுது. திரும்பாவிட்டால் கனமான போர்வையில் படுக்கவைத்து, ஓரங்களைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கும் முறை இருக்கிறது. வந்து காட்டித் தருகிறேன். தூக்கிப் பழக எடை கூடிய ஆள் ஒருவர் தேவைப்படும், உங்கள் சங்கச் செயலாளரைக் கேட்டுப் பார்.

அன்புடன்,
தாம்பரத்து அக்கா